இருட்டு சாரின் நீலத் தூசி

தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை என்று ஃப்ளாட் சங்கச் செயலாளரிடம் சண்டைக்கு வராதவர்கள் உலகத்தில் கிடையாது. இருட்டு வரவில்லை என்று சண்டைக்கு வந்த ஒரே மனிதர் எங்கள் கோவில்பதாகை ஃப்ளாட்டின் இருட்டு சார்தான். அந்தப் பாவப்பட்ட செயலாளர் நான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். மொட்டைமாடியில் தொலைநோக்கியையும் கேமராவையும் பொருத்தி வைத்துவிட்டு, பால்கனி விளக்கை அணையுங்கள் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டியதில் அது எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால் விளக்குவார். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றி ஒரு தூசி மண்டலம் இருக்கிறதாம். அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாதாம். நட்சத்திர வெளிச்சம் பட்டு நீலமாகத் தெரியுமாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாதாம். தெரியும் என்கிறாரா, தெரியாது என்கிறாரா என்று எனக்குத் தலை சுற்றும். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் பொருளாளர் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"தூசிய போட்டோ புடிக்கவா சார் இம்மாம் பெரிய குழாய்? பூந்தமல்லி ரோட்டாண்ட நின்னா போதுமே."

"அது வேற தூசி சார்" என்றார் இருட்டு சார். கோபமே வரவில்லை மனிதருக்கு.

இந்த நிலையில், மாடி ஒழுகுகிறது என்று மேலே முழுக்கத் தகர ஷீட் போடச் சங்கம் முடிவு செய்தது. அடுத்த திங்கட்கிழமை வேலை ஆரம்பம். இருட்டு சாரின் முகம் தொங்கிப்போயிற்று. அதுவரை அவருக்கு அந்தத் தூசி ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. ஷீட் போட்டுவிட்டால் வானமே கிடையாது. ஒரே ஒரு நாள் மாடியை எனக்கு விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சினார்.

எங்களுக்கே பாவமாக இருந்தது. கூடிப் பேசி நாள் குறித்தோம். கார்த்திகை நட்சத்திரத்தைப் படமெடுக்கக் கார்த்திகை தீபத்தைவிடப் பொருத்தமான நாள் உண்டா? திடீரென்று காட்டினால் சந்தோஷப்படுவார் என்று அவரிடம் மூச்சுவிடவில்லை.

அன்று சாயங்காலம் மாடியைக் கழுவிக் கோலம் போட்டோம். கைப்பிடிச் சுவர் நெடுக அகல் விளக்கு. தொலைநோக்கிக்குச் சந்தனம், குங்குமம். முழு நிலா வேறு, அவர் குறிவைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஜம்மென்று வந்து நின்றது. அவரை மேலே கூட்டி வந்தோம்.

"பாத்தீங்களா சார், உங்களுக்கோசரம் நிலாவே வந்துகீது" என்றார் பொருளாளர்.

இருட்டு சார் நிலாவைப் பார்த்தார். விளக்குகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து படம் எடுத்தார். எட்டிப் பார்த்தோம். கேமரா திரையில் ஒரே வெள்ளை.

"இதானா சார்?"

"இதேதான். உங்க எல்லாராலயும்தான் கிடைச்சுது."

கைதட்டினோம். நீலம் என்றாரே, வெள்ளையாக அல்லவா இருக்கிறது என்று குழம்பினேன். விஞ்ஞானத்தில் நமக்கென்ன தெரியும் என்று பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டே கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் அவர் மனைவி வந்து சொன்னபோதுதான் விளங்கியது. நிலாவும் விளக்கும் இருந்தால் அந்தத் தூசி படத்தில் விழவே விழாதாம்.

"வருஷத்துலயே ஆகாத நாள் அதுதானாம்ணா. இவ்ளோ ஆசையா செஞ்சிருக்காங்க, எப்படிச் சொல்றதுன்னு சொல்லல. ராத்திரி சாப்பிடக்கூட இல்ல."

அட மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

திங்கட்கிழமை ஷீட் போடுகிறவர் ஆட்களோடு வந்து நின்றார். மாடிச் சாவியைக் காணோம், கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்று திருப்பி அனுப்பினேன். அமாவாசை வரைக்கும் அந்தச் சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது.