உருகுமணி

உலகத்தில் புத்தகம் படிக்கிறவர்கள் உண்டு, படிக்காதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல் நடுவில் ஒரு இனம் இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பிடித்து உங்கள் முன்னால் நிறுத்தப்போகிறேன். அது புத்தகத்தைப் படிக்காது. ஆனால் படித்து அடியோடு மாறிவிடும். படத்தைப் பாதியில் விட்டுத் தூங்கிப்போகும். ஆனால் அந்தப் படம் தன்னைத் தூங்கவிடவில்லை என்று மூன்று பக்கம் எழுதும். நான் இதற்கு உருகுமணி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த இனம் கொழுத்து வளர்கிற இடம் ஆங்கில வகுப்பு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு கதைப் புத்தகமோ படமோ முடிந்ததும் பிள்ளைகள் அதைப்பற்றி எழுத வேண்டும். கதை என்ன, எந்த இடம் மனதைத் தொட்டது, இதை உன் சொந்த வாழ்க்கையில் எங்கே கண்டாய். மார்க் எல்லாம் கடைசிக் கேள்விக்குத்தான். பதினேழு வயதுப் பிள்ளைக்குச் சொந்த வாழ்க்கை எங்கிருந்து வரும்? எழுப்பினால் எழுந்திருக்காது, தின்ற தட்டைக் கழுவாது, குளியலறைக்குள் போனால் மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பும் வரை வெளியே வராது. இவ்வளவுதான் வாழ்க்கை. இதை எழுதினால் மார்க் விழுமா? விழாது. அதனால் பிள்ளை என்ன செய்யும்? குடும்பத்தில் கை வைக்கும்.

என் அக்கா மகளுடைய பையன் இப்படித்தான் உருகுமணி ஆனான். அவன் எழுதுகிற விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் புத்தகத்தின் பின்னட்டையைப் படிப்பான். அப்புறம் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, யார் செத்தது என்று பார்த்துக்கொள்வான். நடுவில் இருக்கிற முந்நூறு பக்கத்தை மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுப்பான், அந்த மேஜை ஆடும். பிறகு, 'இந்தப் புத்தகத்தை மூடி வைத்தபோது நான் பழைய ஆள் இல்லை' என்று ஆரம்பிப்பான். திறந்தால்தானே மூடுவதற்கு? அடுத்த வரி, 'வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.' எல்லாக் கட்டுரையிலும் அந்த ஜன்னல் வரும். அந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் காயப்போட்ட மிதியடியும் தெரியும். இதை வெகுநேரம் பார்த்தால் யாருமே பழைய ஆளாக இருக்க முடியாதுதான்.

இதெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் அம்மாவால்தான். யார் வீட்டுக்கு வந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்குள் பையனை நிறுத்தி வாசிக்க வைப்பாள். அப்புறம், "மாமா தாத்தாவுக்குத் தமிழ்ல சொல்லுடா" என்பாள். அவன் சொல்வான். நான் கேட்பேன். வேறு வழி?

போர்ப் படம் ஒன்று காட்டினார்களாம். உடனே இவனுக்கு ஒரு கொள்ளுத் தாத்தா போரில் காலை இழந்தார். அவனுடைய கொள்ளுத் தாத்தாக்கள் நால்வரையும் எனக்குத் தெரியும். எட்டுக் காலும் பத்திரமாக இருந்தன. ஒருவர் மட்டும் நொண்டுவார், அது மாடு மிதித்தது. அடுத்து ஆற்று வெள்ளத்தைப் பற்றி ஒரு நாவல். இவனுக்கு ஒரு அத்தை வெள்ளத்தில் போனாள். எங்கள் பக்கம் தண்ணீரில் போனவர் யாரும் கிடையாது. அவன் அப்பா பக்கமோ, தண்ணீரைக் கண்டாலே ஆகாது, குளிக்கவே யோசிப்பார்கள். இதைச் சொன்னால் அவன் அம்மா, "கற்பனை மாமா, அதுக்கும் சேர்த்துத்தான் மார்க்" என்றாள். அத்தை இருக்கிறாளே, அவளைக் கேட்டாயா என்றேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாதே என்றாள்.

இப்படியே தொடர்ந்தது. ஆங்கில டீச்சரம்மா சிவப்பு மையில் 'இன்னும் மனதுக்கு நெருக்கமாக எழுது' என்று ஒவ்வொரு தடவையும் எழுதியனுப்ப, பையனும் தூரத்து உறவையெல்லாம் முடித்துவிட்டு, ஒவ்வொரு படியாகக் கிட்டே வந்துகொண்டிருந்தான். அந்த வருஷம் அவனுக்கு ஒரே குறி. ஆங்கிலத்தில் முதல் பரிசு வாங்குகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே சிபாரிசு செய்து பெரிய கல்லூரியில் இடம் வாங்கித் தரும். வேறு பாடங்களில் அவன் வாங்கிய மார்க்குக்கு அந்தக் கல்லூரியின் காவல்காரர்கூட உள்ளே விடமாட்டார். இது தப்பினால் போச்சு.

இந்த இடத்தில் அவன் பெரியப்பாவைச் சொல்லிவிட வேண்டும். அவன் அப்பாவுக்கு அண்ணன், கல்யாணம் செய்துகொள்ளாதவர், வீட்டு மாடியில் ஒற்றை அறையில் தையல் மிஷினோடு இருக்கிறார். ஜன்னலுக்கும் மேடைக்கும் திரைச்சீலை தைக்கிற தொழில். தம்பிக்கு வெளியூரில் வேலை, தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மாறி மாறி டியூட்டி. ஆகவே பையனைப் பால்வாடி நாளிலிருந்து ஸ்கூட்டரில் பள்ளிக்கூட கேட் வரை கொண்டுபோய் விடுவது அவர்தான். கேட்டில் அவனை இறக்கி, காலரைச் சரிசெய்து, அவன் உள்ளே போய்த் திரும்புகிற மூலை வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். தன் பொழுதில் மிச்சமெல்லாம் வேலை, இது ஒன்றுதான் வாழ்க்கை என்று ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வருஷக் கடைசியில் வகுப்பில் ஒரு படம் போட்டார்கள். ரயில் நிலையத்தில் குடை ரிப்பேர் செய்கிற ஒருவர், எடுத்து வளர்த்த பையனை ரயிலேற்றிவிட்டு, இருந்த ஒரே குடையையும் அவனிடம் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்து காய்ச்சலில் போய்ச் சேருகிறாராம். ஊரிலுள்ள குடையெல்லாம் அவரிடம் ரிப்பேருக்கு வந்திருக்க, இவர் ஏன் நனைந்தார் என்று நான் கேட்டேன். உருகுமணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்தக் கட்டுரையை மட்டும் அவன் வாசித்துக் காட்டவே இல்லை. திருத்தி வரவில்லை என்றான்.

அப்புறம் ஆங்கில வகுப்பின் ஆண்டு விழா வந்தது. அம்மாவுக்கு டியூட்டி. யாரும் வரத் தேவையில்லை, வெறும் அறுவை என்று பையன் நாலு நாளாகச் சொல்லிப் பார்த்தான். பெரியப்பா கேட்பாரா? சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். அந்த ஹாலின் மேடைத்திரை அவர் தைத்தது. உள்ளே போனதும் திரையின் அடிமடிப்பு தரையைத் தொடுகிறதா என்றுதான் முதலில் பார்த்தார். இரண்டு விரற்கடை சுருங்கியிருந்தது. துவைத்துவிட்டார்கள், துவைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன் என்று வருத்தப்பட்டார்.

மேடையில் உட்கார்ந்திருந்த உருகுமணி எங்களைப் பார்த்தான். மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்வதைப் பார்த்தான். அவன் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று அவனை நிஜமாகவே மாற்றிக்கொண்டிருந்தது.

டீச்சரம்மா நல்ல மனுஷி. மைக்கைப் பிடித்ததுமே கண் கலங்கியிருந்தது. பெற்றோருக்காகத் தமிழில் பேசினார். முதல் பரிசுக் கட்டுரையை எழுதியவன் இவன்தான் என்றார். இவனை நெஞ்சில் சுமந்து வளர்த்த பெரியப்பா, போன மழைக்காலத்தில், தன் மழைக்கோட்டை இவனுக்குப் போர்த்திவிட்டு ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வீடு திரும்பி, அந்தக் காய்ச்சலிலேயே கண்ணை மூடிவிட்டார் என்றார். தைத்துக்கொண்டிருந்த நீலத் துணி பாதியில் மிஷினிலேயே நின்றுவிட்டதாம். பரிசு கொடுப்பதற்கு முன்னால், அந்தப் பெரிய மனிதருக்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமாக நிற்போம் என்றார்.

ஹால் முழுக்க நாற்காலி சத்தம். எல்லோரும் எழுந்தார்கள். என் பக்கத்தில் செத்துப்போனவரும் எழுந்தார்.

எனக்கு வாய் நமநமவென்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேடையில் இருக்கிற பரிசும் கல்லூரி இடமும் அந்த இடத்திலேயே காலி. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன மாப்ளே, நீங்களுமா நிக்கிறீங்க?"

"எல்லாரும் நிக்கிறாங்க மாமா. நான் மட்டும் உக்காந்திருந்தா மரியாதையா இருக்காது."

அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, தனக்குத் தானே அந்த ஒரு நிமிஷத்தையும் ஒழுங்காக நின்று முடித்தார். முன்வரிசையில் ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினாள். அவள் பிள்ளையும் அதே வகுப்புதான். அவன் கட்டுரையில் அவள் எத்தனை தடவை செத்தாளோ, யார் கண்டது?

விழா முடிந்ததும் டீச்சரம்மா நேராக எங்களிடம் வந்தார். அவருக்குப் பின்னால் உருகுமணி, கழுத்தில் பதக்கத்தோடு, முகம் வெளிறிப்போய் நின்றான். டீச்சர், பெரியப்பாவைப் பார்த்து, நீங்கள் பையனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

பெரியப்பா பையனைப் பார்க்கவில்லை. "போனாரே, அவருக்குத் தம்பிங்க. கூடப் பொறந்தவன்."

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். பையன் எழுதியது அப்படியே இருக்கிறதே என்று வியந்தார்.

"குடும்பத்துல எல்லாருக்கும் இதே கைதாங்க."

"அவரைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். "நல்ல மனுஷன்தான். எழுதியிருக்கற அளவுக்கு இல்லைங்க. பையனுக்கு ரொம்பச் செல்லம் குடுத்துட்டார்."

டீச்சரம்மா மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

இப்போது பையன் காலில் விழுந்து அழுதிருப்பான் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் படங்கள் பார்த்துக் கெட்டுப்போனவர். கேட்டுக்கு வெளியே வந்ததும் அவன் கேட்டது, "எப்படி இருந்துச்சு பெரியப்பா?"

"சாவு நல்லா இருந்துச்சுடா. நீலத் துணிதான் நம்பற மாதிரி இல்ல. பாதியில எல்லாம் நான் விட மாட்டேன்."

பையன் கொஞ்ச நேரம் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் சொன்னான், "நாளையிலேருந்து கேட் வரைக்கும் வர வேண்டாம் பெரியப்பா. யாராவது பாத்துருவாங்க. மருந்துக்கடை முக்குலயே எறக்கி விட்டுருங்க."

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். அது கிளம்ப நேரமாயிற்று. "சரிப்பா" என்றார்.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே சேர்ந்த முதல் மாதமே, பரிசு விழாவில் தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுத ஒரு சித்தப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதி, அதற்கும் முதல் மார்க் வாங்கிவிட்டான் என்று அவன் அம்மா போன் பண்ணினாள். தினமும் கேட் வரைக்கும் வந்த ஒருவர் இப்போது இல்லை என்று அதில் ஒரு வரி இருக்கிறதாம். அந்த வரிக்கு வகுப்பே எழுந்து நின்றதாம். பெரியப்பா அப்போது மாடியில் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாகச் சளி, யாரும் கேட்கவில்லை.

இந்த இனத்தை வகுப்பறையில் மட்டும் தேடாதீர்கள். பிள்ளைகள் வளர்ந்துவிடும், பழக்கம் போகாது. இதோ, இதைப் படித்துக்கொண்டு வந்தீர்களே, மருந்துக்கடை முக்கில் உங்களுக்குத் தொண்டையை அடைத்ததா? 'எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியப்பா இருந்தார்' என்று யாரிடமாவது உருக்கமாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறதா? தாராளமாகச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் மட்டும் எழுந்து போய், அவர் இன்னும் மாடியில் இருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.