மேசைக்கு வராத கடிதம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நால்வர். முதலாவது, பிரம்மநாயகம் ஆகிய நான், வயது அறுபத்தொன்று, கப்பல் கம்பெனி ஒன்றில் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டாவது, என் மனைவி உமாமகேஸ்வரி. மூன்றாவது, என் வழக்கறிஞர் கணேசபாண்டியன் அண்ணாச்சி. மும்பை மாட்டுங்காவில் முப்பத்தாறு வருடத் தொழில். அவர் தொண்டையைச் செருமினாலே எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும் என்று பெயர். நான்காவது, என் மனைவியின் வழக்கறிஞர் ஜெபசெல்வி, வயது இருபத்தேழு, நடத்திய வழக்குகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், அப்போதும் கட்டைவிரல் மிச்சமிருக்கும். பயத்தையும் ஓர் ஆளாகச் சேர்த்தால் ஐவர். அது என் மடியில் உட்கார்ந்திருந்தது.

இடம், ஜெபசெல்வியின் அலுவலகம்: தாராவி தொண்ணூறு அடிச் சாலையில், பெல்ட் தைக்கும் பட்டறைக்கு மேலே ஓர் அறை. கீழே தையல் இயந்திரங்கள் ஓடும்போதெல்லாம் மேலே மேசை நடுங்கியது. நானும் நடுங்கினேன். மேசைக்காவது காரணம் வெளியே தெரிந்தது.

விவகாரம் இதுதான். செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். முப்பத்திரண்டு குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பமும் பில்டரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும்: புது வீடா, பணமா? எங்கள் வீடு என் ஒருவன் பெயரில் இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு, புறநகர்க் கோடியில் உள்ள பத்லாப்பூரில் குடியேறுவது என் தீர்மானம். புது வீடுதான் வேண்டும், அதுவும் இருவர் பெயரிலும் வேண்டும் என்பது உமாவின் தீர்மானம்.

அவளுக்குக் காரணம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் தனியாக வாழும் முதியவர்களுக்கு அவள் தினமும் இருபத்திரண்டு டப்பா மதியச் சாப்பாடு அனுப்புகிறாள். பதினோரு வருடத் தொழில். பத்லாப்பூரில் கொதித்த சாம்பார் செம்பூருக்கு வந்து சேரும்போது சாம்பாராக இருக்காது.

எனக்கும் காரணம் இருந்தது. அந்தக் காலனியில் எனக்குப் பெயரே கிடையாது. ‘டப்பா ஆன்ட்டி வீட்டுக்காரர்’ என்பதே என் முழுமையான அடையாளம். பதிவுத் தபால் கொண்டுவருகிறவர்கூட என் பெயரைப் படித்துவிட்டு, “டப்பா ஆன்ட்டி வீடுதானே?” என்று சரிபார்த்துக்கொள்கிறார். பத்லாப்பூரில் நான் பிரம்மநாயகமாக வாழ்வேன் என்று முடிவு செய்திருந்தேன்.

“தாராளமா வாழுங்க,” என்றாள் உமா. “ஆனா என்னக் கேக்காம பணத்த வாங்குனியன்னா, நான் கோர்ட்டுல போயி ஸ்டே வாங்கிருவேன், பாத்துக்கிடுங்க.”

ஸ்டே! ஒரு வீட்டின் மேல் தடையாணை விழுந்தால் கட்டட வேலை முழுவதும் நிற்கும். முப்பத்தொரு குடும்பங்கள் என் வாசலில் நிற்கும். அத்தனை பேர்கூட வேண்டாம். எங்கள் குடியிருப்புச் சொசைட்டிச் செயலாளர் ஷாகுல் ஹமீது பாய் ஒருவர் போதும். அவர் கதவைத் தட்டினால், கதவு தானாகவே மன்னிப்புக் கேட்கும்.

அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர்தான் வழி காட்டினார்.

“கோர்ட்டு எதுக்குவே? கொலாபரேட்டிவ்னு ஒரு முறை இருக்கு. நான் டிரெய்னிங் எடுத்திருக்கேன். ரெண்டு பேரும் அவங்கவங்க வக்கீலக் கூட்டிக்கிட்டு ஒரே மேசையில உக்காரணும். பேசியே தீக்கணும். கோர்ட்டுக்குப் போக மாட்டோம்னு நாலு பேரும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும்.”

“மீறிப் போனா?”

“ரெண்டு வக்கீலும் வெலகிரணும். அதுக்கப்புறம் அந்த வழக்குல தலையே காட்டக் கூடாது. முதல்ல இருந்து வேற வக்கீலத் தேடணும்.”

இதைக் கேட்டதும் என் மூளை, முப்பது வருட அலுவலக வாழ்வில் செய்யாத வேலையை அன்று ஒரே நிமிடத்தில் செய்து முடித்தது. எதிரியின் கையைக் கட்டிப்போட எதிரியே கையெழுத்திடுவதா! இதைவிட நாகரிகமான முறையைச் சட்டம் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஏனென்றால், நான் ஏற்கெனவே ஒரு காரியம் செய்திருந்தேன். நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை, ‘எனக்குப் பணமே போதும்’ என்று பில்டர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டேன். இருபத்தோரு நாளுக்குள் திரும்பப் பெறாவிட்டால் கடிதம் உறுதியாகிவிடும். பிறகு பில்டரே கெஞ்சினாலும் மாற்ற முடியாது. ஆக, இருபத்தைந்தாம் தேதி வரை உமாவை ஒரு மேசையில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருந்தால் போதும். கோர்ட்டுக்குப் போகத் தோன்றினாலும் ஒப்பந்தம் தடுக்கும்.

கடிதத்தைப் பற்றி அண்ணாச்சியிடமும் மூச்சு விடவில்லை. வக்கீலிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது வழக்குப் போடுகிறவர்களுக்கான விதி. நாம்தான் வழக்கே போடவில்லையே.

ஏழாம் தேதி காலை உமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வாதாட ஏழு பாயிண்ட் குறித்து வைத்திருந்தேன். முதல் பாயிண்டுக்கு வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

“சரி.”

“என்ன சரி?”

“நீங்க சொன்னது சரி. கோர்ட்டு வேண்டாம். மேசையிலயே பேசுவோம்.”

முப்பத்து மூன்று வருட இல்லறத்தில் அவள் முதல் தடவையிலேயே ‘சரி’ என்று சொன்னது அதுதான் முதல் முறை. எனக்கு வியர்த்தது. சட்டைப் பையில் அப்படியே இருந்த ஏழு பாயிண்டும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தன. அதன் பிறகு அவள் சண்டை போடவே இல்லை. காபியில் சர்க்கரை சரியாக இருந்தது. துவைத்த சட்டையில் பட்டன்கள் முழு எண்ணிக்கையில் இருந்தன. எதிரி படை திரட்டுவது தெரிந்தால் அதற்கேற்ற பயம் ஒன்று உண்டு. எதிரி பட்டன் தைத்துக் கொடுத்தால் எந்தப் பயத்தைப் பயப்படுவது?

“வக்கீல் யாரு?” என்று கேட்டேன்.

“ஜெபசெல்வி. நம்மகிட்ட சாப்பாடு கட்டுற மாரீஸ்வரி இருக்காள்லா, அவ தெருவுல உள்ள பிள்ள.”

“சின்னப் பிள்ளையாச்சே. எங்க பக்கம் கணேசபாண்டியன் அண்ணாச்சி வாராரு. நல்லா யோசிச்சியா?”

“எனக்கு இந்தப் பிள்ள போதும். படிக்கச் சொன்னா முழுசாப் படிக்கும்.”

எனக்கு ஒரு மடங்கு மகிழ்ச்சியும் இரண்டு மடங்கு திகிலும் உண்டாயின.

பதினைந்தாம் தேதி மாட்டுங்காவில் அண்ணாச்சியின் அலுவலகத்தில் முதல் அமர்வு. ஒப்பந்தத்தில் நால்வரும் கையெழுத்திட்டோம். பன்னிரண்டு பக்கம். கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்ற வரி முதல் பக்கத்திலேயே இருந்ததால், மற்றப் பக்கங்களைப் படித்து என் கண்களை வருத்தவில்லை.

இரண்டாம் அமர்வு அவர்களிடத்தில். நான் முதலிலேயே சொன்ன நாள் அதுதான். இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை. இன்னும் மூன்றே நாள்.

“இன்னிக்குப் பேப்பர் வைக்கிற நாள்,” என்று ஜெபசெல்வி தொடங்கினாள். “வீடு சம்பந்தமா ரெண்டு பேர்ட்டயும் உள்ளது எல்லாத்தையும் டேபிள்ல வச்சிருங்க.”

சொசைட்டிப் பங்குப் பத்திரத்தை வைத்தேன். மராமத்து ரசீதுகளை வைத்தேன். கனம் சேரட்டும் என்று பழைய மின்கட்டணச் சீட்டுகளையும் வைத்தேன்.

“அவ்வளவுதானா, அங்கிள்?”

“அவ்வளவுதான்.”

“பில்டர் ஆபீஸுக்கு ரைட்டிங்ல ஏதாச்சும் குடுத்திருக்கீங்களா?”

கீழே தையல் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் நின்றன. தற்செயல்தான். ஆனால் என் இதயத்துக்கு அது தெரியவில்லை, அதுவும் நின்றது.

“இல்லையே,” என்றேன்.

உமா தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். “ஒரு வாய் குடிச்சிட்டு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? இல்லன்னா இல்ல.”

“எங்க கட்சிக்காரர் இல்லன்னு சொல்லிட்டாரும்மா,” என்றார் அண்ணாச்சி, தொண்டையைச் செருமியபடி. “எழுதிக்கோ.”

“எழுதிக்கிட்டேன் ஸார். அங்கிள், இந்த இடத்துல சின்னதா ஒரு கையெழுத்து.”

போட்டேன். பேனா வழுக்கியது. மை அல்ல, வியர்வை.

“ஒரு துண்டுச் சீட்டு, கடுதாசி, அப்பிடி எதுவும்?” உமா விடவில்லை.

“அந்தப் பில்டர் கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது! நான் ஏன் அவனுக்குக் கடுதாசி எழுதுதேன்?”

“எனக்கும் அதான் புரியல,” என்றாள் உமா.

ஜெபசெல்வி தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையின் நடுவில் வைத்தாள். என் கடிதத்தின் ஜெராக்ஸ். அடியில் என் கையெழுத்து. அதற்கும் அடியில், நான் கொடுத்த கடிதத்தில் இல்லாத ஒரு வரி: ‘மேற்கண்ட கையொப்பம் என் கணவருடையதே. உமாமகேஸ்வரி.’

அறை ஒரு முறை சுற்றி வந்து அதே இடத்தில் நின்றது.

“இது... இது எப்பிடி...”

“உங்க கையெழுத்துனால வந்தது,” என்றாள் உமா.

நாற்பது வருடமாக மும்பையில் தமிழில் மட்டுமே கையெழுத்துப் போடுகிறவன் நான். வங்கியில், ரேஷன் கடையில், சம்பளப் பதிவேட்டில், எங்கும் தமிழ்தான். அது என் கொள்கை. அடியில் ஒரு சுழி, சுழிக்குள் ஒரு புள்ளி. அது என் கலை.

“பில்டர் ஆபீஸுல யாருக்கும் அதப் படிக்கத் தெரியல. ஜீஷான்னு ஒரு தம்பி கடுதாசியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டு. நீங்க பேங்குக்குப் போயிருந்திய. ‘ஆன்ட்டி, யே சைன் ஹை யா ரங்கோலி?’ன்னு கேட்டுது. கையெழுத்தா கோலமான்னு அதுக்குச் சந்தேகம். பாவம், வெயில்ல வந்த பிள்ள. எங்க வீட்டுக்காரர் கையெழுத்துதான்னு எழுதிக் குடுத்து, ஒரு டீயும் குடுத்து, ஒரு ஜெராக்ஸும் எடுத்துக்கிட்டேன்.”

“என்னைக்கு?”

“தேதி போட்டிருக்கேன் பாருங்க.”

பார்த்தேன். ஆறாம் தேதி. நான் ஏழு பாயிண்டோடு போய் நின்றதற்கு முந்தைய நாள்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். கடைசி முயற்சி. “அப்போ உன் கட்சிக்காரரும் இத்தன நாளா இத மறைச்சு வச்சிருக்காங்கல்லா?”

“மறைக்கல ஸார். பேப்பர் வைக்கிற நாள் இன்னிக்குத்தான். வச்சாச்சு.” ஜெபசெல்வி ஒப்பந்தத்தைப் புரட்டினாள். “ஒன்பதாம் பக்கம் படிக்கிறேன். ‘எந்தத் தரப்பாவது வேண்டுமென்றே ஓர் ஆவணத்தை மறைத்தது தெரிந்தால், அத்தரப்பின் வழக்கறிஞர் உடனே விலக வேண்டும். பேச்சுவார்த்தை அத்துடன் முடிவடையும்.’”

“அண்ணாச்சி,” என்றேன். “இப்பிடியெல்லாமா எழுதி வைப்பாங்க?”

“நான்தான்வே எழுதுனேன்,” என்றார் அண்ணாச்சி. அவர் காதுகள் சிவந்திருந்தன. “உம்மகிட்ட ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லியேன்னு எத்தன தரம் கேட்டேன்? வாயத் தொறந்தீரா?”

பேச்சுவார்த்தை முடிந்தால் என்ன ஆகும் என்று என் மூளை கணக்கிட்டது. அண்ணாச்சி போய்விடுவார். கோர்ட்டின் கதவு உமாவுக்குத் திறக்கும். திங்கட்கிழமை ஸ்டே. செவ்வாய்க்கிழமை முப்பத்தொரு குடும்பங்கள். புதன்கிழமை ஷாகுல் ஹமீது பாய். வியாழக்கிழமை என்று ஒன்று எனக்கு இருக்குமா என்பதே தெரியவில்லை.

“விலகாம இருக்க வழியே இல்லையாம்மா?” என் குரல் பூனைக்குட்டியின் குரலாகியிருந்தது.

“இருக்கு அங்கிள். அடுத்த வரி. ‘மறைத்ததை அதே அமர்வில் சரிசெய்தால் வழக்கறிஞர் தொடரலாம்.’” இரண்டு தாள்களை என் முன் வைத்தாள். “ஒண்ணு, கடிதத்தத் திரும்ப வாங்கிக்கிறதா பில்டருக்கு. இன்னொண்ணு, புது வீடு ரெண்டு பேர் பெயர்லயும் வேணும்னு சொசைட்டிக்கு.”

“மறைச்சது ஒண்ணுதானே? ரெண்டு தாள் எதுக்கு?”

“ரெண்டாவது, நான் பதினாறு நாளு வாய மூடிக்கிட்டு இருந்ததுக்கு,” என்றாள் உமா. “அது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

“இங்கிலீஷ்ல போடுங்க,” என்றாள். “சுழியெல்லாம் வேண்டாம்.”

வாழ்க்கையில் முதன்முறையாக ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டேன். பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக. அண்ணாச்சி என்னைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு தாளிலும் போட்டேன். பிறகு தாள்களை அவர் பக்கம் நகர்த்தி, இனி எல்லாம் உங்கள் கையில் என்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அண்ணாச்சி இரண்டிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “தொடரலாம்னுதான்வே எழுதுனேன், தொடரணும்னு எழுதல,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.