ஏரி கலங்கியதற்குக் காரணம் நெஸ்டர்தான்

ஜூலை 2

கோடியாக் நகரின் மீன்வள அலுவலகத்தில் ஏரிப் பிரிவுக்குப் பொறுப்பாளரும், என் மனைவி அக்ரபீனாவுக்கு உடன்பிறந்த தம்பியுமாகிய லாரியன் அவர்களின் மேலான கவனத்திற்கு,

ஏரிக்கரையிலிருந்து சிமியோன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காளும் நாயும் சுகம். தங்களையும் தங்கள் குடும்பத்தையும் புனித நிக்கோலாஸ் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். தாங்கள் அனுப்பிய மாவும் தேயிலையும் நனையாமல் வந்து சேர்ந்தன. இனி மச்சான் என்றே எழுதுகிறேன், தாங்கள் தாங்கள் என்று எழுதினால் பேனா திக்குகிறது.

மச்சான், ஏரி கெட்டுப்போய்விட்டது. பன்னிரண்டு வருஷமாக மாதம் இரண்டு தடவை, உச்சி வேளையில், மிதவை வரைக்கும் படகில் போய், நீ கொடுத்த கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது எத்தனை மீட்டரில் கண்ணுக்கு மறைகிறது என்று நோட்டில் எழுதி அனுப்புகிறேன். ஒரே ஆளின் கண்தான் பார்க்க வேண்டும் என்று உன் விதித்தாளில் போட்டிருக்கிறது, அதன்படி என் கண்ணைத் தவிர வேறு கண்ணுக்கு அந்த வேலையை நான் கொடுத்ததே இல்லை. முன்பெல்லாம் ஏழரை மீட்டர் வரை தெரியும். முந்தின வருஷம் ஆறு, போன வருஷம் நாலரை, போன வாரம் மூன்று. இறக்கின கையோடு தட்டைக் காணோம். இப்படியே போனால் சிவப்பு சால்மன் இந்த ஏரியை மறந்துவிடும், குளிர்காலத்துக்கு நாம் எதைப் புகைபோட்டு எதைத் தின்பது?

காரணம் யார் என்று கேட்பாய். நெஸ்டர்தான். எனக்கு இருபது வருஷமாகப் படகில் துடுப்புப் போடுகிற அதே நெஸ்டர். மீன் முட்டையிடுகிற ஓடைக்குக் குறுக்கே தன் நாலுசக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு அக்கரையில் இருக்கிற புகைக்கூடத்துக்குப் போகிறான். அந்தச் சேறு கூழாங்கல்லுக்குள் இறங்கி முட்டையை மூச்சுத் திணற வைக்கிறது, மிச்சம் ஏரிக்கு வருகிறது.

நான் அவசரப்பட்டுப் பழி போடுகிறவன் இல்லை, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தேன். முதலில் தட்டின் மேல் சந்தேகப்பட்டு வண்ணம் அடித்தேன். கறுப்புக்குப் பதில் தேவாலயக் கூரைக்கு வாங்கின நீலத்தை அடித்துவிட்டேன் என்கிறாள் உன் அக்காள், வண்ணத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். பிறகு, மே மாதம் கடலுக்குப் போகிற சால்மன் குஞ்சுகளை ஏரிவாயில் பிடித்து எடைபோட உன் மகள் தெக்லா வந்தாளே, அவளிடம் கேட்டேன். பத்து வருஷத்தில் இவ்வளவு கொழுத்த குஞ்சு பார்த்ததில்லை என்கிறாள். கலங்கின ஏரியில் குஞ்சு எப்படிக் கொழுக்கும்? தராசைச் சரிபார் அம்மா என்றேன். அவள் முறைத்தாள் என்று நினைக்கிறேன், சரியாகத் தெரியவில்லை, அன்றைக்கு அவ்வளவு மூடுபனி. இந்த வருஷம் பனி சமையலறைக்குள்ளேயே வந்துவிடுகிறது, மச்சான். நீ அனுப்பின விளக்குகளும் மட்டம், ஒவ்வொன்றைச் சுற்றியும் வளையம் வளையமாகத் தெரிகிறது. இத்தனை கேட்டுக்கும் நடுவில் உன் அக்காள் ஒருத்திதான் மாறவில்லை, முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது.

சாட்சி வேண்டும் என்பாய். போன செவ்வாய்க்கிழமை ஓடைப் பக்கம் போனேன். நெஸ்டர் அந்தப் பழைய பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடு ஓடையில் நின்று தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் கரையில் நின்று திட்டினேன். அவன் குடும்பத்தை இழுத்தேன், அவன் அப்பா என் அப்பாவிடம் வாங்கித் திருப்பித் தராத வலையை இழுத்தேன். தலையைக் கூட நிமிர்த்தாமல் எதையோ மென்றுகொண்டே இருந்தான், அப்புறம் திரும்பிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் புதருக்குள் போய்விட்டான். கேட்டால், அன்றைக்குப் பகல் முழுக்கத் தேவாலயத்தில் ஏணி பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறான், பாதிரியாரும் அவனுக்கு ஒத்து ஊதுகிறார். கரையில் இருப்பது கரடித் தடம் என்கிறாள் உன் அக்காள். கரடியாக இருந்தால் அவ்வளவு பொறுமையாகத் திட்டு வாங்குமா?

படகிலும் அவன் போக்கு சரியில்லை. தட்டு மறைந்ததும் கயிற்றை அவனிடம் கொடுத்துவிட்டு நான் நோட்டில் எழுதுவேன். மேலே இழு என்றால் இன்னும் கீழே விடுகிறான். போதாததற்கு என் துடுப்பில் ஆணியால் கோடு கோடாகக் கீறி வைக்கிறான். இதையெல்லாம் ஊர் மன்றத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். குற்றம் செய்யாதவன் வாயை மூடிக்கொண்டு இருப்பானா? அன்றிலிருந்து சனிக்கிழமை பான்யாவுக்கும், அந்த நீராவிக் குளியலுக்கும், வருவதில்லை. நானே கல்லில் தண்ணீர் ஊற்றி நானே ஆவியில் வியர்த்து வருகிறேன், முதுகு தேய்க்க ஆளில்லை.

ஆகவே, ஓடையில் அவன் வண்டி இறங்கக் கூடாது என்று உன் முத்திரை போட்டு மன்றத்துக்கு ஒரு கடிதம் அனுப்பு. அது வந்தால் குறுக்கே மரத்தைப் போட்டு அடைத்துவிடுவார்கள், அவன் மீனை முதுகில் சுமந்து சுற்றிப் போகட்டும். எனக்கும் வேறு படகாள் பார்த்துக் கொடு.

வியாழக்கிழமை கண் டாக்டர் விமானத்தில் வருகிறாராம், போய்த்தான் ஆக வேண்டும் என்று உன் அக்காள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவள் வாயை அடைக்கப் போய்விட்டு, இதையும் அங்கேயே விமானியிடம் கொடுத்துவிடுகிறேன். உன் வீட்டில் புகைக்கூடம் அணையாமலும் பிள்ளைகள் சண்டையில்லாமலும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சிமியோன்

பின்குறிப்பு, ஆகஸ்ட் 28:

மச்சான், கடிதம் கோட்டுப் பையிலேயே தங்கிவிட்டது. டாக்டர் என் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எப்படி நடந்து வந்தீர்கள் என்று கேட்டார். இரண்டு கண்ணிலும் புரை. ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து இரண்டும் ஆறிவிட்டன. மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. விளக்குகள் நல்ல விளக்குகள். தட்டு நீலம்தான். அது கரடிதான். சுருக்கத்தைப் பற்றி எழுதினதை மட்டும் அடிக்காதே, உன் அக்காள் இதை ஒட்டுவதற்கு முன் படிப்பாள்.

திரும்பி வந்து படகைத் துடைக்கும்போதுதான் துடுப்பைப் பார்த்தேன். அவை கீறல் இல்லை. தேதி, பக்கத்தில் மீட்டர். ஏழு, ஏழரை, ஏழு. இரண்டு வருஷத்துக் கணக்கு ஒரு தடவை விடாமல் இருக்கிறது. நேரே நெஸ்டர் வீட்டுக்குப் போனேன். ஊர் முன்னால் நான் அவ்வளவு பேசியும் ஏன்டா வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அவன் மீனை அறுத்துக்கொண்டே சொன்னான்:

"ஒனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லிருந்தா தட்டப் புடுங்கிட்டுப் போயிருப்பாங்க. அப்புறம் நீ என்னடா பண்ணுவ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததையும் மறந்துவிட்டேன். மன்றத்துக்குப் போய், சொன்னதை எல்லார் முன்னாலும் வாபஸ் வாங்கிவிட்டேன். ஓடைக்கு மேலே இரண்டு பேரும் பலகை போட்டுப் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை பான்யாவில் என் முதுகுத் தோல் உரிகிற மாதிரி தேய்த்தான், வாங்கிக்கொண்டேன்.

நேற்று ஏரிக்குப் போனோம். இந்தத் தடவை நீ பாருடா, எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று கயிற்றை அவன் கையில் கொடுத்தேன். இறக்கினான், குனிந்து பார்த்தான், "போச்சு, ஏழு" என்றான். கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மூக்கு நோட்டில் இடிக்கிற மாதிரி குனிந்து அதை எழுத ஆரம்பித்தான். எனக்குத் தட்டு பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. கயிற்றை இன்னும் கொஞ்சம் கீழே விட்டேன். எட்டு மீட்டர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பில் ஆணியால் கீறி வைத்திருக்கிறேன். கண் டாக்டர் அடுத்து எப்போது வருகிறார் என்று மட்டும் விசாரித்து எழுது.