பதினாறு பாகமும் பார்க்கலாம்

"கதவைச் சாத்திப்போட்டு முகம் கழுவுங்கோவன்" என்றாள் அருந்ததி.

"காத்து வரட்டும்" என்றார் அவள் கணவர் வினோதன், குளியலறைக்குள்ளிருந்து. வெள்ளிக்கிழமை, பட்டப்பகல். வெள்ளவத்தை முழுவதும் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மோதுண்ட வாகனங்களைப் பார்த்துக் காப்புறுதிக்கு அறிக்கை எழுதுவது அவருக்கு இருபத்திரண்டு வருட உத்தியோகம். கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்து வைக்கமாட்டார். பார்த்துவிட்டுச் சரி என்று சொன்ன வாகனமும் குறைவு, படமும் குறைவு.

இரண்டு நாளைக்கு முன் மகள் மேனுகா வந்து, "அப்பா, சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில ரொஷேல் வீட்டில எல்லாரும் ஒரு கொரியன் சீரிஸ் பாக்கப்போகினம். பேயளோட கதைக்கிற டிடெக்டிவ் கதையாம். நானும் போகட்டோ?" என்று கேட்டாள்.

"பதினாலு வயசுப் பிள்ளைக்கு உது சரிவருமோ எண்டு நான் முதல்ல பாத்திட்டுச் சொல்லுறன்."

அதற்காகவே வெள்ளிக்கிழமை லீவு போட்டு, காலையிலேயே கொப்பியும் பேனையுமாக ஹோலில் உட்கார்ந்து முதல் பாகத்தைப் போட்டார். ஒன்பதாவது நிமிடம் டிடெக்டிவ் குனிந்து முகம் கழுவினான். நிமிர்ந்தான். கண்ணாடியில் அவனுக்குப் பின்னால் செத்துப்போன பெண் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். வினோதன் தனக்குப் பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

'சரிவராது' என்று எழுதிவிட்டு எழும்பியிருக்கலாம். ஒன்பது நிமிடத்தில் அறிக்கை எழுதுகிற ஆளா அவர்? சத்தத்தைக் குறைத்தார். தமிழில் பேசிய குரல்களும் அதோடு போனதால் கீழே ஓடிய எழுத்தை வாசிக்க வேண்டி வந்தது. எழுத்துக்கு மேலேயே அவள் முகம். இரண்டு பாகம் முடிவதற்குள் குளியலறைக் கண்ணாடிக்குத் துவாய் போர்த்தாயிற்று.

"உதென்ன, கண்ணாடியில துவாய்?" என்று திறந்திருந்த கதவடிக்கு வந்து கேட்டாள் அருந்ததி.

"ரசம் போயிட்டுது. முகம் வடிவாத் தெரியேல்லை."

பொய் சொல்லுகிறவர் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும். அவள் உடனே நுகேகொடைக்குப் போய், ஆளுயரக் கண்ணாடி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஹோலில், அவருடைய கதிரைக்கு நேரெதிரே மாட்டினாள்.

கதிரையை மறுபக்கம் திருப்பினார். இப்போது கண்ணாடி முதுகுக்குப் பின்னால். அந்த டிடெக்டிவும் மூன்றாம் பாகத்தில் இதே வேலையைத்தான் செய்தான்; செத்தவள் அவன் முதுகுக்குப் பின்னாலேயே வந்து நின்றாள். பாவம் மனிதர், கதிரையை விட்டு எழும்பிச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மேனுகா அந்தக் கோலத்தைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, பயந்திட்டீங்களோ?" அருந்ததிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கோ பயம்? உது சின்னப்பிள்ளையள் பாக்கிற சாமான்."

"அப்ப, நான் போகலாமோ அப்பா?" மேனுகாவின் குரல் மெல்ல வந்தது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் வினோதன். இப்போது வேண்டாம் என்றால், பயந்துவிட்டார் என்ற செய்தி பொழுதுபடுவதற்குள் ரொறொன்ரோவில் இருக்கும் மச்சான்மார்வரை போய்விடும். மானம் பெரிது.

"தாராளமாப் போ பிள்ளை. பதினாறு பாகமும் பார். நான் பொறுப்பு" என்றார் கணீரென்று. மேனுகா ஒன்றும் பேசாமல் அறைக்குள் போனாள். சந்தோஷத்தில் பிள்ளைக்கு வாயடைத்துவிட்டது என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை கூட்டிப்போக ரொஷேல் வந்து வாசலில் நின்றாள். மேனுகா உள்ளே இருபது நிமிடமாகச் செருப்புத் தேடிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, என்னை மாதிரி ஆர் விடுவினம்?" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டார் வினோதன்.

ரொஷேல் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், அவளுக்குப் பேயெண்டா சரியான பயம், நீங்க எப்பிடியும் விடமாட்டீங்க எண்ட நம்பிக்கையிலதான் எங்களிட்ட வாறன் எண்டு சொன்னவள்."