நான் பிணமாகக் கிடந்த படம்

வெட்கம் பிடித்த ஆளுக்குச் சினிமாவில் பொருத்தமான வேடம் ஒன்றுதான் உண்டு. பிணம். வசனம் கிடையாது. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். கண்ணை மூடிப் படுத்திருந்தால் மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அப்படி நினைத்துத்தான் நான் போய்ப் படுத்தேன்.

தேனி மாவட்டத்தில், லோயர் கேம்ப் பக்கத்தில் எங்கள் ஊர். திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்து அடிப்பது என் வேலை (இன்றும் அதுதான்). எங்கள் பக்கம் படப்பிடிப்புக்கு வருவது புதிதல்ல. ஆனால் அந்த முறை வந்தவர்களிடம் பெரிய நடிகர் யாரும் இல்லை, வேனும் ஒன்றுதான். தாடி வைத்த ஒல்லியான இயக்குநர், எல்லாம் நிஜம் மாதிரியே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எழவு வீட்டுக் காட்சிக்கு எங்கள் தெருவிலேயே பந்தல் போட்டு, ஊர்ப் பெண்களையே அழ ஏற்பாடு செய்தார். காமிராவை எதிர்வீட்டு மாடியில், காயப்போட்ட சேலைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பிணமாக நடிக்க வேண்டியவர் மட்டும் மதுரையிலிருந்து வந்து சேரவில்லை.

வேடிக்கை பார்த்த கூட்டத்தில் கடைசியில் நின்ற என்னை இயக்குநர் கைகாட்டிக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்லவும் ஒரு வாய் வேண்டும். எனக்கு அது கிடையாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஜெயமங்கலத்தில் செல்வி என்ற பெண்ணை எனக்குப் பேசி, பூ வைத்து முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்தவன் நெற்றியில் காசு ஒட்டி, நாடியைத் துணியால் கட்டி, மாலையோடு பெஞ்சில் படுப்பதைப் பார்த்த என் அம்மா, "வெளங்குமாடா இது" என்று தலையில் அடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

"நான் கட் சொல்ற வரைக்கும் கண்ணத் திறக்கக் கூடாது. மூச்சையும் மெதுவா விடுங்க," என்றார் இயக்குநர்.

பெண்கள் அழத் தொடங்கினார்கள். உயிரோடு இருந்தபோது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காத அக்காமார் எல்லாம் "ஏ ராசா" என்று உருகினார்கள். கேட்க நன்றாகவே இருந்தது.

அப்போது தெருமுனையில் கம்பத்து பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் புதிதாக ஓர் அழுகுரல் நெருங்கி வந்தது.

எங்கள் பக்கத்தில் எழவுக்கு வருகிற பெண்கள் நின்று விசாரிக்க மாட்டார்கள். பந்தல் கண்ணில் பட்டதுமே அழுதுகொண்டுதான் வருவார்கள். இருக்கிற பெண்களும் வருகிறவள் யார் என்று கேட்க மாட்டார்கள். கையை விரித்துக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவார்கள். அன்றும் அப்படியே நடந்தது. ஊர்ப் பெண்கள் வந்தவரைச் சினிமாக்கார அம்மா என்று நினைத்தார்கள். வந்தவர், தெருவில் எங்கள் சொந்தக்காரர் யாரோ போய்விட்டார் என்று நினைத்திருக்கிறார். பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்ததும் அவர் அழுகை ஒரு நொடி நின்றது. அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான அழுகை.

"ஏ அய்யா மருமகனே! வச்ச பூவு வாடலயே, எம்மகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? வாயத் தெறந்து ஒரு வார்த்த பேசாத புள்ள, இப்பிடிப் பேசாமயே போயிட்டீகளே!"

குரல் தெரிந்துவிட்டது. செல்வியின் அம்மா. கல்யாண மண்டபம் பற்றி என் அம்மாவிடம் பேச வந்தவர்.

எழுந்தால் இயக்குநருக்குக் கோபம் வரும். எழாவிட்டால் கல்யாணம் போகும். இதில் எது பெரிது என்று பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். நான் படுத்தே கிடந்தேன். நாடியைக் கட்டியிருந்ததால் பேச முடியவில்லை என்று பிற்பாடு பலரிடம் சொல்லிப் பார்த்தேன் (அது சும்மா சுற்றிய துணி). அத்தையின் கண்ணீர் என் காதுக்குள் இறங்கிக் குறுகுறுத்தது. அப்போதும் அசையவில்லை.

மாடியிலிருந்து "கட்" என்று சத்தம் வந்தது. கைதட்டினார்கள். நான் எழுந்து உட்கார்ந்து, நாடிக்கட்டை அவிழ்த்து, வீட்டுக்கு வந்தவரைக் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"வாங்க அத்தே. எப்ப வந்தீக?"

அத்தை அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். உதவி இயக்குநர் ஒருவர் ஓடிவந்து, "அம்மா, இதே மாதிரி இன்னொரு தடவை அழுவீங்களா?" என்றார். அத்தை என் பக்கம் திரும்பினார். அதுவரை எனக்குக் கொடுத்த மரியாதையை எடுத்துவிட்டார்.

"செத்தவன் செத்தவனாவே கெட. எம்மகள நான் வேற எடத்துல குடுத்துக்கிறேன்."

திரும்பி வந்த அதே பஸ்ஸில் ஏறிப் போனார்.

ஜெயமங்கலத்தில் நடந்ததைச் செல்வி பிறகு சொன்னாள். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டிருக்கிறாள். "வேற எடத்துல குடும்மா, நான் வேண்டாங்கல. ஆனா அந்தப் படம் தியேட்டருக்கு வரும்ல? மருமகனேன்னு நீ மாருல அடிச்சு அழுகுறத அந்த வீட்டு ஆளுக பாப்பாக. யாரு இந்த மருமகென்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அத்தை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் யோசித்தார். பிறகு மண்டபம் பார்த்தார். படம் வருவதற்கு முன்னால் எங்கள் கல்யாணம் முடிந்தது.

கம்பத்தில் படம் போட்ட முதல் நாளே குடும்பத்தோடு போனோம். அத்தை பட்டுச்சேலையில் வந்தார். தியேட்டரில் எங்களைத் தவிர, வெயிலுக்கு ஒதுங்கிய சிலர் இருந்தார்கள். அவர்களும் தூங்கினார்கள். அந்த வாரத்திலேயே படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அத்தை சொன்னார். "இது இப்பிடி ஊத்திக்கும்னு தெரிஞ்சிருந்தா ஒங்களுக்குப் பொண்ணே குடுத்திருக்க மாட்டேன் மாப்ள."

எங்கள் மகள் கல்லூரிக்குப் போகிற வயதில் அந்தப் படத்தை யாரோ இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டார்கள். (பெயரைச் சொல்ல மாட்டேன். தேடிப் பார்ப்பீர்கள்.) கொண்டாட வேண்டிய படத்தைத் தவறவிட்டுவிட்டோம் என்று பையன்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பரீட்சையில் தோற்றவர்கள் அத்தை அழுகிற படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகப் பிடிக்காதவர்கள் நான் பிணமாகக் கிடக்கிற படத்தை அனுப்புகிறார்கள்.

போன வருடம் தேனியில் சில இளைஞர்கள் ஒரு மண்டபத்தில் படத்தைத் திரையிட்டு எங்களையும் அழைத்தார்கள். அத்தை அழும் இடத்தில் கூட்டம் முழுக்கச் சேர்ந்து அந்த ஒப்பாரியைச் சொன்னது. பழைய பட்டுச்சேலையில் முன்வரிசையில் இருந்த அத்தை, சரியாகச் சொல்கிறார்களா என்று உன்னிப்பாகக் கவனித்தார்.

முடிந்ததும் ஒருவர் என்னிடம் மைக்கை நீட்டினார். "அந்த அம்மா அப்படி அழுகுறாங்க, உங்ககிட்ட ஒரு அசைவு இல்ல. எப்படி சார் நடிச்சீங்க?"

நான் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். செல்விதான் மைக்கை வாங்கினாள்.

"அவரு நடிக்கல தம்பி. இப்பப் பாருங்க, அதேதான்."

முன்வரிசையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "கட் சொல்லியாச்சு மாப்ள. எந்திரிங்க."

அதிலிருந்து, வீட்டில் விருந்தாளி வந்து நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாராவது கட் சொல்லிவிடுகிறார்கள். நானும் உடனே, வந்தவர் ஆணோ பெண்ணோ பார்க்காமல், "வாங்க அத்தே, எப்ப வந்தீக" என்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த வசனம் அது ஒன்றுதான்.