அரிமேடை சார் மாப்பிள்ளை வீடு பார்த்த கதை

திண்டுக்கல்லில் கடல் கிடையாது என்ற செய்தியை அரிமேடை சாருக்கு மட்டும் கடைசிவரை யாராலும் புரியவைக்க முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் தகரக் கூரை போட்ட டுடோரியல் எங்களுடையது. நான் கணக்கு, அவர் புவியியல். எந்தப் பாடத்தை ஆரம்பித்தாலும், அலை பாறையை அரித்து உண்டாக்கும் அலை அரிமேடையில்தான் வந்து நிற்பார். அதனால் அந்தப் பெயர்.

ஒரு பெரிய அலுமினியத் தட்டில் மணலைக் கொட்டி, கரையும் முனையும் செய்து, தண்ணீர் ஊற்றி, பலகையால் தள்ளித் தள்ளி அலை எழுப்புவார். நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அலை சுற்றி வளைத்து அடிக்கும். உடைத்த மண்ணைக் கொண்டுபோய் உள்வாங்கிய இடத்தில் போடும். அலை சாய்வாக வந்தால் மணல் கரையோரமாகவே நகர்ந்துபோகும். ஊரே குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று காத்திருக்க, இவர் குடம் குடமாகக் கடலுக்கு ஊற்றுவார். அது ஒழுகிக் கீழே பிரியாணிக் கடையில் சாப்பிடுகிறவர் தலையில் விழும். கடைக்கார பாய் மாடியேறி வருவார். சமாதானம் பேசுகிற வேலை என்னுடையது. கணக்கு நடத்தியதைவிட அதில்தான் நான் அதிகம் களைத்தேன்.

மனைவி இல்லாத மனிதர். ஒரே மகள், மதுரையில் நர்ஸ். கூட வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பக்கத்துப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. வீடு பார்க்கப் போனபோது பெரியவர் என்ற கணக்கில் என்னையும் வேனில் ஏற்றினார். கடலோர வீடு. எல்லோரும் உள்ளே போக, இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கரைக்குப் போனார். காபி ஆறியது. பையனின் அப்பாவிடம் வெயிலைப் பற்றி நான் பேசி, அதுவும் தீர்ந்துபோனது.

முழங்கால்வரை நனைந்த வேட்டியோடு ஒருவழியாக வந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தி, பையன் தங்கம். வீடுதான் நிக்காது. தெக்க கல்லக் கொட்டித் தடுப்பு போட்டிருக்காங்கல்ல, வர்ற மணலு அங்கனயே நின்னுபோகுது. உங்க பக்கம் அலை எடுத்துட்டுப் போறதுதான் நடக்கும். கொண்டாந்து போட ஒண்ணுமில்ல."

பையனின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லுங்க. வீட்டப் பழிக்காதீங்க."

சம்பந்தம் அதோடு நின்றது. மகள் அதற்குப் பிறகு சாரிடம் பேசவில்லை. விடுமுறைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சார் வகுப்பில் தட்டைத் தொடுவதில்லை. பாய்கூட என்னிடம், அவருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

"நான் பொய் சொல்லலியே சார்" என்றார் அரிமேடை சார் ஒருநாள்.

"கல்யாணப் பந்தி முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம் சார்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனே மாடியேறி வந்தான். சாரிடம், அன்று சொன்னதைத் தட்டில் செய்து காட்டச் சொன்னான். சார் மணலைக் கொட்டினார். மதியம் முழுக்கப் பையன் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பாடத்தைக் கொட்டாவி விடாமல் முழுசாகக் கேட்ட முதல் ஆள், என்னையும் சேர்த்துப் பார்த்தாலும், அவன்தான்.

"அப்ப எவ்வளவு தள்ளி வீடு கட்டணும் மாமா?"

மாமா என்றதும் சாரின் பலகை நின்றுவிட்டது.

"அது எனக்குத் தெரியாதுப்பா. தெனமும் அந்தக் கரையப் பாக்குறவரு உங்கப்பா. அவரக் கேளு."

பையன் போய்க் கேட்டிருக்கிறான். அடுத்த வாரம் அப்பாவே வந்தார். வாசலுக்கு முன்னால் நின்ற தென்னை வரிசை ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போனதைச் சொன்னார். "எனக்கும் தெரியும். சொல்லத்தான் வாய் வரல" என்றார். மகளுக்கு சாரே போன் போட்டார். அவள் எடுத்ததும் என்னிடம் நீட்டினார். அந்த வேலையும் என்னுடையதே.

கல்யாணம் திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளப்பட்டியில் நடந்தது. புது வீட்டை மாப்பிள்ளையின் ஊரில், கடலை விட்டு ரொம்பத் தள்ளிக் கட்டினார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சாரும் அங்கே போய்விட்டார்.

சாயங்காலம் வகுப்பு முடித்துத் தொண்டை வறண்டு இறங்கும்போது அவர் போன் வரும். எடுத்தால் பேச மாட்டார், கரையில் நின்று அலைச் சத்தம் கேட்கிற மாதிரி போனைக் கடல் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பார். பேச எனக்கும் தெம்பிருக்காது. அவராக வைக்கும்வரை நான் வைப்பதில்லை.