நான் திருப்பினால் அவள் திரும்புவாள்

ஆசைப்பட்டது கிடைக்காமல் ஏங்குகிறவர்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். உலகத்தில் இன்னும் யாருமே செய்யாத ஒரு பொருளுக்காக ஏங்கிய ஒருத்தியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது நான்தான். பத்தொன்பது வயதில், ஐந்து வேளைத் தொழுகையிலும் மற்ற பெண்கள் நல்ல மாப்பிள்ளை வேண்டும் என்று துஆ கேட்க, நான் ஒரு வீடியோ விளையாட்டைக் கேட்டேன். (அல்லாஹ்வுக்கே புதுசாக இருந்திருக்கும்.)

எழுபதுகளின் கடைசி அது. சதுரங்கப்பட்டினத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. அத்தாவுக்குச் செங்கல்பட்டில் பாத்திரக்கடை. சிங்கப்பூரில் வேலை பார்த்த காதர் அண்ணன் லீவில் வந்தபோது ஒரு டிவியும், அதோடு மாட்டி விளையாடுகிற ஒரு பெட்டியும் கொண்டுவந்தார். திரையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு வெள்ளைக் கோடுகள். நடுவில் ஒரு புள்ளி. கையில் பிடிக்க ஒரு திருகு; அதைத் திருப்பினால் கோடு நகரும், புள்ளியை அடிக்கும். டொக், டொக். அவ்வளவுதான் ஆட்டம்.

ஒரே வாரத்தில் எல்லோருக்கும் சலித்துவிட்டது. எனக்கு மட்டும் சலிக்கவில்லை. கோடு தவறவிட்டால் புள்ளி திரையின் ஓரத்தில் இருட்டுக்குள் போய்விடும்; சற்றுப் பொறுத்துத் திரும்பி வரும். அந்த நேரத்தில் அது எங்கே போயிருந்தது? என் கவலையெல்லாம் அதுதான்.

மீன் கொண்டுவரும் கன்னியம்மா சொல்வாள்: "மாமல்லபுரத்தாண்ட தண்ணிக்கு அடியில தெருவே கீதும்மா. எங்க வூட்டாளு வலையை எடுக்கும்போது செவுத்துல மாட்டிக்குது." அதைக் கேட்ட நாளிலிருந்து என் விளையாட்டு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. புள்ளியின் பின்னால் நானும் இருட்டுக்குள் போக வேண்டும். அங்கே ஈரமான ஒரு தெரு. முன்னால் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறாள். நான் திருகைத் திருப்பினால் அவள் திரும்ப வேண்டும்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த மாதிரி ஆட்டம் எவனும் இன்னும் செய்யல. செஞ்சா வாங்கியாறேன். அதுவரைக்கும் இதை வெளியில சொல்லிக்கினு இருக்காத. பொண்ணு கேட்டு வர்றாங்க."

வந்தார்கள். செங்கல்பட்டிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக் குடும்பம்; வசதியான இடம். அம்மா ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. அன்றைக்குக் காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. அலைச் சத்தம்கூட இல்லை. எனக்குப் பட்டுப் புடவை கட்டிவிட்டு, கூப்பிடும்வரை உள் அறையில் உட்காரச் சொன்னார்கள். அந்த அறையில்தான் டிவி இருந்தது. (பூனையைக் கருவாட்டுக்குக் காவல் வைத்த கதை.)

படபடப்பு அடங்கட்டும் என்று ஆட்டத்தைப் போட்டேன். இரண்டு தடவை டொக் என்றது. மூன்றாவது தடவை புள்ளி இருட்டுக்குள் போனது. திரும்பி வரவில்லை.

கோடுகள் மங்கின. திரை முழுக்கச் சாம்பல் நிறமாகப் பரவியது. அதற்குள்ளிருந்து ஒரு தெரு மெல்ல மெல்ல மேலே வந்தது. ஈரம் மின்னுகிற தெரு. வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனாள்.

நான் திருகை வலது பக்கம் திருப்பினேன். அவள் வலது பக்கம் திரும்பினாள்.

புத்தியுள்ள பெண் அந்த நிமிஷம் "அம்மா" என்று கத்தியிருப்பாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டே போனேன். மனதுக்குள், 'கடைசியில் செய்துவிட்டார்கள்' என்றுதான் ஓடியது. இடது பக்கம் திருப்பினேன். கொஞ்சம் யோசிப்பவள் போல நின்றுவிட்டு, இடது பக்கச் சந்தில் நுழைந்தாள்.

வெளியே கூப்பிட்டார்களாம். மூன்று தடவை கூப்பிட்டார்களாம். என் காதில் விழவில்லை. மாப்பிள்ளையின் தாயாரே அம்மாவோடு உள்ளே வந்துவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை, சலாம் சொல்லவில்லை, தலையில் முக்காடும் இல்லை.

"சத்தம் போடாதீங்க, அவ காதுல வுழும்" என்றேன்.

"யாரும்மா?" என்றார் அந்த மாமி.

"அவதான். நான் திருப்புனா அவ திரும்புவா. நீங்க வேணா பாருங்களேன்." சொல்லிக்கொண்டே திருகை அவர் கையில் வைத்தேன். பாவம், என்ன ஏது என்று புரியாமல் மாமி அதைத் திருப்பினார்.

அவள் நின்றாள். பிறகு மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினாள். முகம் திரை முழுக்க வந்தது. நேராக மாமியைப் பார்த்தாள். அதுவரை இரைந்துகொண்டிருந்த பெட்டியிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்களில் யாருக்கும் தெரியாத பாஷை. ஏதோ கேட்பது போல இருந்தது. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பது போல அவள் அப்படியே நின்றாள்.

மாமி திருகைப் போட்டுவிட்டு, பேய் பிசாசு அண்டாமலிருக்க ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே வெளியே ஓடினார். அம்மா பின்னாலேயே ஓடினார். ஐந்து நிமிஷத்தில் கார் கிளம்பிவிட்டது. சமோசா தட்டில் அப்படியே இருந்தது. மறுநாள் ஆள் மூலம் சேதி வந்தது: "பொண்ணு லட்சணமாத்தான் கீது. ஆனா பொட்டியில கீறவகிட்ட பேசுது."

அடுத்த வாரம் முழுக்க எனக்குக் கோவளம் தர்காவில் ஓதி ஊதிய தண்ணீர்தான் நாஸ்தா. அம்மா என்னோடு பேசவில்லை. அத்தா கடையிலிருந்து தாமதமாக வந்தார். பஜாரில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை என்றார்.

அண்ணன்தான் புதிரை அவிழ்த்தார். இன்னொரு புழுக்கமான சாயங்காலம் டிவி முன்னால் காத்திருந்து, அதே பாஷையைக் கேட்டுவிட்டார். சிங்கப்பூரில் அவரோடு ஒரு சிங்களவர் வேலை பார்த்தாராம். "இலங்கையில புதுசா டிவி ஆரம்பிச்சிக்கிறாங்க. இது அவங்க நாடகம். காத்து இல்லாத நாள்ல டிவி அலை கடல் மேலயே வழுக்கிக்கினு இங்க வந்துடுது."

"அப்ப நான் திருப்புனப்போ அவ ஏன் திரும்புனா?"

"எதேச்சையா நடந்துக்கும்."

"ரெண்டு வாட்டியுமா? மாமி திருப்புனப்பவும் சேத்தா மூணு."

அண்ணன் டிவியை அணைத்தார். லீவு முடிந்து போகும்போது விளையாட்டுப் பெட்டியை மட்டும் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு எனக்குப் படாளத்தில் கல்யாணம் ஆனது. ரைஸ்மில் வைத்திருந்த என் வீட்டுக்காரர், கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். பிள்ளைகள் காலத்தில் விதவிதமான வீடியோ விளையாட்டுகள் வந்தன. ஊர் ஊராக, தெருத் தெருவாக நடக்கலாம். எல்லாவற்றையும் விளையாடிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் உடனே திரும்பிவிடுகிறார்கள். யோசித்துத் திரும்புகிற ஒருத்தியை இன்னும் யாரும் செய்யவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்தில் அந்த மாமியைப் பார்த்தேன். நன்றாகத் தளர்ந்துபோயிருந்தார். என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அன்னிக்கு அவ என்னைப் பாத்து இன்னாம்மா கேட்டா?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்தக் கண்களைப் பார்த்தபோது தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "வழி கேட்டா மாமி" என்றேன்.

"அட, பாவமே" என்றார் மாமி. "சொல்லி அனுப்பியிருக்கலாமே. இத்தினி வருஷமா இன்னும் அங்கியே நின்னுகினு கீறாளோ இன்னாவோ."

வீட்டுக்கு வந்து சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் யார் தாமதமாக வந்து கதவைத் தட்டினாலும், உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார்: "மாமி வழி சொல்லி அனுப்பிட்டாங்களா?" தட்டியது யாரென்று தெரிகிறவரை நான் மட்டும் கொஞ்சம் பொறுத்துத்தான் சிரிப்பேன்.